அரசுத் தொடக்கப் பள்ளியில் சோற்றையும் பையையும் தவிர என்ன கிடைக்கிறது?

6 செப்டம்பர் 2025, காலை

ஆசிரியர் தின வாழ்த்துகளுக்கு நடுவே வாசகர் ஒருவர் கேட்டது இது: "அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இரண்டு வேளைச் சோறு, பை, செருப்பு, நோட்டு எல்லாம் தருகிறார்கள். அதற்கு மேல் குழந்தையின் படிப்புக்கும் அங்கே வேலை செய்பவர்களுக்கும் அரசு என்ன செய்கிறது? எதுவும் இல்லை என்பதே என் கணிப்பு."

இந்த மே மாதம் வரை டெல்டாப் பகுதியில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தேன். ஐந்து வகுப்புகளும் இரண்டு ஆசிரியர்களும் உள்ள பள்ளி அது. அந்த அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

"எதுவும் இல்லை" என்பது சரியல்ல. குழந்தைக்கு வருவது சோற்றோடு நிற்பதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவக் குழு வந்து கண், காது, பல், தோல், இதயம் எனப் பார்க்கிறது. குடற்புழு நீக்க மாத்திரையும் வாரந்தோறும் இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையும் வருகின்றன. பாடநூல்களிலேயே 1098, 14417 ஆகிய உதவி எண்களை அச்சிட்டிருக்கிறார்கள். கற்றல் குறைபாடும் உடற்குறைபாடும் உள்ள குழந்தைகளுக்காகச் சிறப்புப் பயிற்றுநர் வருகிறார். கொரோனாக் காலத்து இழப்பைச் சரிக்கட்ட 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும், 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் படிப்புக்காகவே வந்தவை.

கேள்வியின் இரண்டாம் பாதிக்குத்தான் என்னிடம் சுருக்கமான பதில் இல்லை. குழந்தைக்கு வரும் ஒவ்வோர் உதவியும் பள்ளியில் இருக்கும் ஒரு பெரியவரின் நேரத்தின் வழியாகவே குழந்தையிடம் போய்ச் சேருகிறது. மாத்திரையை அனுப்புகிறவர்கள், அதை விழுங்க வைப்பவரின் நேரத்தையும் சேர்த்து அனுப்புவதில்லை.


6 செப்டம்பர், இரவு

மதிய உணவு காமராசர் காலத்தில் தொடங்கியது என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். மாநில அளவில் பள்ளிகளுக்குப் பரவியது 1956இல் அவர் ஆட்சியில்தான். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 1920லேயே, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளியில் உணவு போட்டுப் பார்த்தது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவு கூடாது என்பது நிபந்தனை. எம்.ஜி.ஆர். சத்துணவை 1982 ஜூலையில் தொடங்கினார். முட்டை 1989இல் வந்தது. முட்டையின் வரலாற்றை எழுத ஆரம்பித்தால் கட்சிக்காரர்கள் எல்லாரும் இங்கே வந்துவிடுவார்கள் என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.


8 செப்டம்பர் 2025

"30 குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் என்றால் சொகுசுதானே, தனியார் பள்ளியில் ஒருவரே 40 பேரைப் பார்க்கிறாரே" என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர், 120 வரை 4 பேர். வகுப்புகளுக்கு அப்பால் தலைமை ஆசிரியர் என்று தனியாக ஒருவர் வேண்டுமானால் 150 குழந்தைகளைத் தாண்ட வேண்டும். குழந்தைகளை எண்ணிப் போட்ட கணக்கு இது; வகுப்புகளின் எண்ணிக்கை அதில் வரவே இல்லை. 30 குழந்தைகளும் ஒரே வகுப்பு என்றால் சொகுசுதான். ஐந்து வகுப்புகளில் பரவியிருக்கும் 30 பேருக்கு ஐந்து தமிழ், ஐந்து ஆங்கிலம், ஐந்து கணக்கு, இரண்டு சூழ்நிலையியல், மூன்று அறிவியல், மூன்று சமூக அறிவியல்.

எங்கள் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் உடன் பணியாற்றிய ஆசிரியையின் அறையில் இருந்தன. நான்கும் ஐந்தும் என்னிடம். எண்ணும் எழுத்தும் வந்த பிறகு அவருடைய அறையில் குழந்தைகள் வகுப்புவாரியாக அல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்கார்ந்தார்கள். இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுவேன். மூன்றாம் வகுப்பில் உயிர்மெய் எழுத்துகளில் தடுமாறிய பையன், அதற்கு முன் வகுப்பின் கடைசி வரிசையில் ஆண்டு முழுவதும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்திருப்பான். இப்போது அவன் அரும்புக் குழுவில் அட்டைகளோடு தரையில் உட்கார்ந்து, "கொ"வுக்கும் "கெ"வுக்கும் துணைக்கால் ஒன்றுதான் வேறுபாடு என்று தானே கண்டுபிடித்து, அதை எல்லாரிடமும் போய்ச் சொன்னான்.

ஆனால் நான் வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் போகும் நாளில் அந்த அறையின் நிலை வேறு. பள்ளியில் எழுத்தர் கிடையாது, அலுவலக உதவியாளர் கிடையாது, காவலர் கிடையாது. சம்பளப் பட்டியல், நலத்திட்டப் பொருள்களை வட்டாரக் கிடங்கிலிருந்து ஏற்றி வருவது, மாற்றுச் சான்றிதழ், வாக்குச்சாவடிக்குப் பள்ளியை ஒப்படைப்பது எல்லாம் தலைமை ஆசிரியர் தலையில். நான் கிளம்பினால் என் இரண்டு வகுப்புகளும் பக்கத்து அறைக்குப் போகும். ஐந்து வகுப்புகள், மூன்று நிலைகள், ஓர் ஆசிரியை. அன்று நடப்பதற்கு வகுப்பு என்று பெயர் இருக்கலாம். உண்மையில் யாரும் வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அது.


10 செப்டம்பர் 2025

சம்பளம் பற்றிய பின்னூட்டங்களை மூன்று நாளாகப் படித்துவிட்டேன். அரசு ஆசிரியரின் ஊதியம், பணிப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றோடு தனியார் தொடக்கப் பள்ளி ஆசிரியையின் நிலையை ஒப்பிட்டால் அரசு ஆசிரியர் நன்றாகவே இருக்கிறார் என்பதை மறுக்கமாட்டேன். நானும் அந்த ஊதியத்தில்தான் குடும்பம் நடத்தினேன்.

ஆனாலும் அந்த ஊதியத்துக்குள் ஒரு விரிசல் இருக்கிறது. தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவருக்கு இடைநிலை ஆசிரியர் என்று பெயர். 31.5.2009 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் ரூ.8,370 என்றும் மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு ரூ.5,200 என்றும் நிர்ணயித்தார்கள். படிப்பும் பாடமும் பிள்ளைகளும் ஒன்றே. தொடக்க நிலையில் ஏற்பட்ட அந்த இடைவெளி, அகவிலைப்படியும் ஆண்டு ஊதிய உயர்வும் சேரச் சேர விரிந்துகொண்டே போயிற்று. சென்னையில் ஆண்டுதோறும் நடக்கும் "சம வேலைக்குச் சம ஊதியம்" போராட்டத்தின் வேர் இதுதான். என் பள்ளியில் அடுத்த அறையில் இருந்தவர் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர். விடுமுறை நாள்களில் அவர் சென்னைக்குப் போராடப் போனபோது, பழைய ஊதிய விகிதத்தில் இருந்த நான் அவருக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாமல், பயணத்துக்கு முறுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது அவருக்கு இரண்டாவது இடி. செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வு பெற 5 ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் 2 ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். 5 ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுவோர் பணியில் தொடரலாம். ஆனால் பதவி உயர்வு வேண்டுமானால் அவர்களும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி சேர்ந்தவர் அவர். அவர் சேர்ந்தபோது தமிழ்நாட்டில் அந்தத் தேர்வே நடந்ததில்லை. முதல் தேர்வு 2012இல்தான் நடந்தது. பதினைந்து ஆண்டு கற்பித்தவரின் தகுதியை 150 கொள்குறி வினாக்கள் எப்படி அளக்கும் என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். ஆசிரியர்கள் புதிய பாடப்பொருளைப் படித்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு உண்டு. அதைப் படிப்பதற்கு யாரும் அவருக்கு ஒரு மணி நேரத்தைக்கூட ஒதுக்கித் தரவில்லை என்பதே என் குறை.


15 செப்டம்பர் 2025

காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கி இன்றோடு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தபோதுதான் எங்களுக்கு வந்தது.

இதன் பலன் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். நடவுக் காலத்தில் எங்கள் ஊர்த் தாய்மார் விடிவதற்கு முன்பே வயலுக்குப் போய்விடுவார்கள். திட்டம் வருவதற்கு முன் அந்த நாள்களில் காலை இறைவணக்கத்தில் ஒரு குழந்தையாவது கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது என்று உட்கார்ந்துவிடும். வீட்டில் பழையது மிச்சம் இருந்ததா இல்லையா என்பது அந்தக் குழந்தையின் முகத்தில் தெரியும். பொங்கலும் கிச்சடியும் வந்த பிறகு, தாமதமாக வருகிறவர்களைப் பார்த்துக் கடிந்துகொள்ளும் வேலையும் எனக்குக் குறைந்தது. எட்டு மணிக்கே தட்டோடு வந்து நின்றார்கள்.

சமைப்பவர்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்வாகிறவர், அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும் என்பது விதிகளில் ஒன்று. நல்ல யோசனை, தன் மகள் சாப்பிடப்போகும் சாம்பாரில் யாரும் தண்ணீரை ஊற்றிப் பெருக்கமாட்டார்கள். எங்கள் பள்ளியில் சமைத்தவர் அடுப்பை மூட்டுவதற்கு முன் தேங்காய் நாரால் பாத்திரத்தின் உள்விளிம்பை மறுபடியும் ஒருமுறை தேய்ப்பார். முந்தைய நாளே தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம்தான். "பல்லி ஊர்ந்திருக்கும் டீச்சர்" என்பார். ஆனால் பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதும் தாய்க்கும் அந்த வேலை முடிந்துவிடுகிறது. தேர்ந்த கைகளை அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரைப் பழக்க வேண்டும். மகன் ஐந்தாம் வகுப்புக்கு வந்த ஆண்டில் அவர் என்னிடம், "இவனை இன்னும் ஒரு வருசம் இங்கேயே வச்சுக்க முடியாதா டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்புக்காக மட்டும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதே வளாகத்தில் மதியம் சமைக்கும் சத்துணவுச் சமையலருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. காலை அடுப்புக்குக் குழு வழியே வரும் தொகை மட்டும். ஒரே பள்ளியின் இரண்டு அடுப்புகளுக்கும் இரண்டு துறைகள், இரண்டு பதிவேடுகள். சாப்பிடுகிற வாய் மட்டும் ஒன்று.


16 செப்டம்பர் 2025

"அப்படியானால் திட்டமே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்ட அன்பருக்கு: இல்லை. நேற்று எழுதியதை இன்னொரு முறை படிக்க வேண்டுகிறேன்.


21 செப்டம்பர் 2025

இணையப் பதிவேற்றம் பற்றி நான் இதுவரை எழுதாததை இருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். எழுதினால் நிறுத்தமாட்டேன் என்ற அச்சத்தில்தான் ஒதுக்கி வைத்தேன்.

மாணவர் விவரம், வருகைப்பதிவு, பெற்ற பொருள்கள், உயரம், எடை எல்லாம் எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் இணையதளத்தில் ஏற வேண்டும். எங்கள் பள்ளியில் செல்பேசி சிக்னல், சுற்றுச்சுவரை ஒட்டிய புங்கமரத்தடியில் மட்டும் உறுதியாகக் கிடைக்கும். ஆகையால் காலை வருகைப்பதிவு இரண்டு முறை நடக்கும்: வகுப்பில் ஒரு முறை, மரத்தடியில் ஒரு முறை. பெற்றோரின் செல்பேசி எண்ணைச் சரிபார்க்க ஓடிபி வாங்கச் சொன்ன நாள்கள் இன்னும் நினைவிருக்கின்றன. தந்தை திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், எண் அவருடையது. "நான் உங்கள் மகளின் தலைமை ஆசிரியர் பேசுகிறேன், உங்களுக்கு ஓர் எண் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள்" என்றால், யாரிடமும் ஓடிபியைச் சொல்லாதீர்கள் என்று வங்கி சொன்னதை நன்றாகக் கேட்டு வைத்திருக்கும் அவர், இரண்டு நல்ல வார்த்தைகளால் என்னைத் திட்டிவிட்டு இணைப்பைத் துண்டிப்பார். அவர் செய்ததில் தவறே இல்லை.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் போய்விட்ட ஒரு சிறுமியை, வேறு மாவட்டத்தில் அவள் சேர்ந்த பள்ளி எமிஸ் எண்ணை வைத்துத் தேடியதால்தான் எங்களால் தொடர முடிந்தது. பதிவேட்டுக் காலத்தில் அப்படிப் போன குழந்தையின் பெயருக்கு எதிரே "நீண்ட நாள் வருகையின்மை" என்று சிவப்பு மையில் எழுதியதோடு கதை முடிந்துவிடும். ஆகவே பதிவு வேண்டும். ஆசிரியர்களின் எமிஸ் சுமையைக் குறைப்பதாகத் துறையே அறிவித்து, சில பதிவுகளைக் கைவிடவும் செய்தது. குறைந்தது உண்மை. ஒன்றியத்தில் பத்துச் சிறு பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு பதிவாளரை அமர்த்தி, அவர் வாரம் ஒரு நாள் வந்து போனால் மீதியும் தீரும். குழந்தைகளுக்கான திட்டம் ஒவ்வொன்றையும் வரைகிறபோது, அதைப் பள்ளியில் நடத்தப்போகிறவரின் மணிக்கணக்கையும் ஒரு பத்தியாகச் சேர்த்தால், இந்த யோசனையை என்னைப் போன்றவர்கள் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.


22 செப்டம்பர் 2025

ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்துவிட்டார்களே என்று ஒருவர் நினைவூட்டுகிறார். கொடுத்தார்கள், நன்றி. புங்கமரத்தடிக்கு இப்போது செல்பேசியோடு அதையும் தூக்கிக்கொண்டு போகிறார்களாம்.


28 செப்டம்பர் 2025

காலாண்டு விடுமுறை என்பதால் பழைய சக ஊழியர்கள் சிலரிடம் பேச முடிந்தது. ஊழியர்களுக்கான ஆதரவு பற்றி ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். நிரந்தரப் பெண் ஊழியருக்குப் பேறுகால விடுப்பை 2021 ஜூலை முதல் 12 மாதமாக உயர்த்தியது மிகப் பெரிய உதவி. தொடக்கப் பள்ளிகளில் பெண்கள் மிகுதி. என் தலைமுறையில் பச்சை உடம்போடு பேருந்தில் தொங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனவர்களைப் பார்த்த எனக்கு, அந்த அரசாணையின் அருமை தெரியும்.

விடுப்பில் போனவரின் இடத்துக்கு யார் வருவார் என்பதில்தான் சிக்கல். அருகில் உள்ள பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப் பணியில் அனுப்புவார்கள். அனுப்பிய பள்ளியும் ஈராசிரியர் பள்ளியாகவே இருந்தால், அங்கே மிச்சம் இருப்பவர் ஐந்து வகுப்புகளுக்கும் தனி ஆளாகிவிடுவார். காலிப் பணியிடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியே தற்காலிக ஆசிரியரை அமர்த்தும் ஏற்பாடு 2022இல் வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு முதலில் மாதம் ரூ.7,500, பின்னர் ரூ.12,000. அது காலிப் பணியிடத்துக்கு. விடுப்பில் இருப்பவரின் இடம் கணக்கில் காலி இல்லை. இதனால் ஓர் இளம் ஆசிரியை தன் உரிமையான விடுப்பை எடுக்கும்போது, பக்கத்து அறைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேச வேண்டியிருக்கிறது. விடுப்புக்கால ஆசிரியர் என்று ஒன்றியத்துக்கு நான்கைந்து பேரை நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக்குப் போகிறவர், மருத்துவ விடுப்பில் இருப்பவர் எனச் சுழற்சியில் அவர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும்.

பணம் பற்றி ஒரு வரி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் 30 மாணவர் வரை ஆண்டுக்கு ரூ.10,000, 31 முதல் 100 வரை ரூ.25,000. முப்பதாவது குழந்தைக்கும் முப்பத்தொன்றாவது குழந்தைக்கும் நடுவே ரூ.15,000 வேறுபாடு. மானியத்தில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான 2024–25ஆம் ஆண்டின் ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தபோது, அந்தத் திட்டத்தில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றும் சிறப்புப் பயிற்றுநர்களின் சம்பளமே கேள்விக்குறியாயிற்று. நடக்க முடியாத குழந்தைக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பவர்கள் அவர்கள். தன் பேருந்துக் கட்டணத்தைக் கடன் வாங்கிக்கொண்டு வந்த ஒருவரை நான் அறிவேன். டெல்லிக்கும் சென்னைக்கும் இடையிலான வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். எனக்கு ஒரு கருத்து உண்டு. இங்கே எழுதினால் முட்டை வரலாற்றுக்கு நேர்வது இதற்கும் நேரும்.


3 அக்டோபர் 2025

விஜயதசமியன்று மகனை எங்கள் ஒன்றியத்திலேயே ஒரு பள்ளியில் முதல் வகுப்பில் சேர்க்க நினைத்துத் தயங்கி நின்றதாக ஒரு தாய் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். அவர் அனுமதியோடு இங்கே பதில் எழுதுகிறேன். கட்டடத்தையும் திறன் வகுப்பறைத் திரையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அம்மா. விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒரு சாதாரண வேலை நாளில் பதினோரு மணிக்குப் போங்கள். எத்தனை ஆசிரியர்களின் பெயர் பலகையில் இருக்கிறது, எத்தனை பேர் அப்போது வளாகத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளியே போனவர் எங்கே போயிருக்கிறார் என்று குறை சொல்லும் குரலில் அல்லாமல் கேளுங்கள். கூட்டம், பயிற்சி, மாற்றுப் பணி என்று பதில் வந்தால் அந்தப் பள்ளிக்கு உங்களைப் போன்ற பெற்றோர் தேவை. தன் சொந்த வேலையாகப் போயிருக்கிறார் என்று வந்தால் அது வேறு பிரச்சினை. அதுவும் உண்டு, என் இனத்தாரைக் காப்பாற்றுவதற்காக அதை மறைக்கமாட்டேன்.

சேர்த்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. தலைவரும் பெற்றோரில் ஒருவர், பெண். கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போடும் பழக்கம் எல்லா ஊரிலும் வந்துவிட்டது. மாற்றுப் பணியில் போன ஆசிரியர் திரும்பி வரவேண்டும் என்றும், தலைமை ஆசிரியர் வெளியே போகும் நாளில் வகுப்பைப் பார்க்க ஒருவர் வேண்டும் என்றும் தீர்மானம் போட்ட குழுவை நான் பார்த்ததில்லை. என் பள்ளிக் குழுவிடம் அதை நானே கேட்டிருக்கலாம்தான். தனக்காகக் கேட்கிறாள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் தடுத்தது. ஒரு தாய் கேட்டால் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். தீர்மானமாக எழுதி, குழுவின் செயலியில் பதிவேற்றச் சொல்லி, பதிவான பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பதில் வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தின் தேதியைச் சொல்லிக் கேட்க அது உதவும்.